இரண்டு குருடரும் ஒரு லாரியும்

போன வாரம் சம்பந்தம் பேச வந்தவர்கள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் பேச்சு முறிந்து போனதல்லவா, அந்த வீட்டில் இன்னும் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

முறிந்ததற்குக் காரணம் நகையில்லை, சொத்தில்லை, பையனுக்குக் கெட்ட பழக்கம் எதுவுமில்லை. காரணம், குருடர்.

பெண்ணின் அப்பா, டைல்ஸ் கிடங்கில் சுமை ஏற்றி இறக்குகிற ஆட்களுக்கு மேஸ்திரி. முதுகுக்குப் பின்னால் ‘வசனம்’ என்று பெயர். கட்டின கயிறு அறுந்தாலும் வேதத்திலிருந்து ஒரு வசனம் சொல்வார், அறாமல் தாங்கினாலும் ஒன்று சொல்வார். அதே கிடங்கின் வாசலில், லாரிகளை நிறுத்தி எடை போடுகிற இடத்தில் அவர் மகளுக்கு வேலை. உள்ளே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற பையன் எடைமேடைப் பக்கம் எதற்காக அத்தனை தடவை வந்து போகிறான் என்பது மேஸ்திரியைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவருக்குத் தெரிய வந்தபோது பையனின் தகப்பனார் சம்பந்தம் பேச வீட்டு வாசலில் வந்து நின்றார்.

மேஸ்திரி பையனிடம் கேட்டது ஒரே கேள்வி. வேதத்தில் இருக்கிற ஒவ்வொரு எழுத்தும் அப்படியே உண்மை என்று நம்புகிறாயா? பையன் ஆமாம் என்று சொல்லி வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்றைக்குக் கல்யாணத் தேதி குறித்திருப்பார்கள். அவனுக்கு வாய் நிற்கவில்லை.

“நம்புறேங்க. ஆனா எண்ணிக்கையில போய்த் தொங்க மாட்டேன். வழியோரம் உக்காந்திருந்தவருக்கு ஆண்டவர் பார்வை குடுத்தாரே, அதை ஒரு சுவிசேஷத்துல ரெண்டு குருடர்னு போட்டிருக்கு, இன்னொண்ணுல ஒருத்தர்னு போட்டிருக்கு. பார்வை கிடைச்சுச்சா, எனக்கு அது போதும்.”

மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை சபை மூப்பர் எல்லோர் முன்னாலும் அவரை நிற்க வைத்து, வேதத்தின் ஓர் எழுத்துக்காகப் பெண்ணின் சம்பந்தத்தையே உதறினவர் என்று புகழ்ந்தார். மேஸ்திரி தலை நிமிர்ந்து நின்றார். அவர் மகள் எழுந்து வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து அப்பாவோடு ஒரு வார்த்தை கிடையாது. அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள், இன்னொருத்தன் முன்னால் தன்னை உட்காரச் சொல்லக் கூடாது என்று.

இன்று சாயங்காலம் பையனின் தகப்பனார் கடைசியாக ஒரு தடவை வந்து கேட்டுவிட்டுப் போவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

இதற்கிடையில் லாரி வேறு வந்து சேர்ந்தது.

சம்பந்தம் முறிந்த மறுநாளே நடந்தது அது. பையன் ஃபோர்க்லிஃப்ட்டில் டைல்ஸ் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். நின்றுகொண்டிருந்த பச்சை லாரி திடீரென்று பின்னால் நகர்ந்தது. மோதாமல் இருக்க அவன் வண்டியை ஒரு பக்கமாக ஒடித்தான். மேலிருந்து பெட்டிகள் சரிந்து தரையெல்லாம் சில்லு. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் லாரிக்காரர் முந்திக்கொண்டு, ஃபோர்க்லிஃப்ட்தான் கண்மூடித்தனமாக வந்தது என்று சொல்லிவிட்டார். கேமராவோ, பெட்டி அடுக்கின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. விசாரிக்க இன்று தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வருகிறது. பையன் மேல் பிழை என்று எழுதிவிட்டால் வேலை போகும், ஓட்டுகிற உரிமமும் போகும்.

“உங்க பாடு சுலபமாச்சு,” என்றாள் மேஸ்திரியின் மனைவி, காலையில் அவருக்குச் சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டே. “வேலையில்லாதவனுக்குப் பொண்ணு இல்லைன்னு ஒரே போடா போட்டுடலாம். குருடரை எல்லாம் கூப்பிடத் தேவையில்ல.”

“அப்படி ஒண்ணும் நான் ஜெயிக்க வேண்டாம்.”

அதைக் கோபமாகத்தான் சொன்னார். லாரி நகர்ந்ததை அவர் கண்ணால் பார்த்திருந்தார். பையன் வேதத்தில் வழுக்கினவன்தான், லாரி விஷயத்தில் வழுக்காதவன். அதையும் இதையும் குழப்பிக்கொள்கிற ஆள் அவரில்லை. சாட்சி சொல்லி அவனைக் காப்பாற்றிவிட்டு, சாயங்காலம் பெண் இல்லை என்றும் சொல்லிவிடுவது என்று இருந்தார்.

காப்பாற்றுவதில்தான் கெடுத்தார்.

வேலை மணி அடிக்கும் முன்பே மூன்று பேரைப் பெட்டி அடுக்குக்குப் பின்னால் கூட்டினார். முதல் ஆள் அவருடைய சொந்தத் தம்பி. மேஸ்திரியின் மகள் சித்தப்பா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கிடங்கில் கிழவர்கள் கூட அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். இரண்டாவது ஆள் ரேடியோ. காது கிடைத்த இடத்தில் பேசுவான், கிடைக்காவிட்டால் சுவரிடம் பேசுவான். மூன்றாவது தூக்கம். மூட்டை தூக்குவதில் சிங்கம், ஆனால் வேலைக்கு நடுவே மூச்சு விட நேரம் கிடைத்தால் போதும், எங்கே சாய்ந்தாலும் உறங்கிவிடுவான்.

சொல்ல வேண்டிய சாட்சியை மேஸ்திரி முன்தினமே ஒழுங்கு பண்ணி வைத்திருந்தார். நாங்கள் சரக்கு மேடையில் நின்றிருந்தோம். பச்சை லாரி, பின்னால் ஆள் நின்று கை காட்டாமல், தானாக நகர்ந்தது. ஃபோர்க்லிஃப்ட் மெதுவாகத்தான் வந்தது. ஓட்டுநர் இடது பக்கம் ஒடித்தார். அவர் மேல் பிழை இல்லை. இதை ஒரு சொல் கூடாமல் குறையாமல் மூன்று பேரும் சொல்ல வேண்டும்.

நான் மேடையில் நிற்கவில்லையே, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனில் பேசிக்கொண்டிருந்தேனே என்றான் ரேடியோ. தொட்டி மேடையை ஒட்டித்தானே இருக்கிறது என்றார் மேஸ்திரி. ஒட்டித்தான் இருக்கிறது என்றான். அப்படியானால் மேடை என்றே சொல் என்று முடித்துவிட்டார்.

“நான் படுத்திருந்தேன் மேஸ்திரி,” என்றான் தூக்கம்.

“படுத்திருந்தவன் சாட்சியை எவன் நம்புவான்? நின்னேன்னு சொல்லு.”

தூக்கம் தலையைச் சொறிந்தான். “அது பொய்யில்லையா?”

“லாரி நகர்ந்தது பொய்யா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன? சொல்லு பார்ப்போம், முதல்ல இருந்து.”

சித்தப்பா வாயைப் பொத்திச் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு மனப்பாட வசனம் சொல்லிக் கொடுக்கிற மாதிரி இருக்கிறதே அண்ணே என்றார்.

“அப்படித்தான் இருக்கணும். நடந்தது ஒண்ணு. ஒண்ணை நாலு விதமா சொன்னா, இதுல எதுடா நிஜம்னு கேப்பாங்க. ஒரே மாதிரி சொன்னா எவனும் வாயைத் திறக்க முடியாது.”

மணி அடிக்கிற வரைக்கும் விடாமல் ஒப்பிக்க வைத்தார்.

விசாரணைக்கு வந்தவர் ஒரு பெண். தடித்த பூட்ஸ், காதில் செருகின பென்சில். வந்ததும் அலுவலகத்தில் போய் உட்காராமல், டேப்பை எடுத்துக்கொண்டு மேடையையும் தொட்டியையும் சுற்றிச் சுற்றி அளந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். மேஸ்திரி முதலில் போனார். கம்பீரமாகச் சொல்லிவிட்டு வந்து பலகைத் தடுப்புக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே பேசுவது தெளிவாகக் கேட்டது.

சித்தப்பா பிசகாமல் சொன்னார். ரேடியோவும் பிசகாமல் சொன்னான். ரேடியோ அவ்வளவு சுருக்கமாகப் பேசி முடித்ததே சந்தேகப்பட வேண்டிய விஷயம் என்று மேஸ்திரிக்குத் தோன்றவில்லை. அவர் உதடு அவனோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தது.

தூக்கம் ஃபோர்க்லிஃப்ட் மெதுவாக வந்த வரைக்கும் வந்தான். அங்கே நின்றுவிட்டான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “நாங்கள் சரக்கு மேடையில் நின்றிருந்தோம்,” என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான்.

பெஞ்சில் மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டார்.

“மேஸ்திரி, கொஞ்சம் உள்ள வாங்க,” என்று குரல் வந்தது.

அதிகாரியம்மாவின் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

“இவங்களுக்கு வாத்தியார் யாரு?”

மேஸ்திரி சுவரைப் பார்த்தார்.

“அந்த மேடையில பெட்டி அடுக்கினது போக ஒரு ஆள் நிக்கத்தான் இடம் இருக்கு. நாலு பேரும் ஒருத்தர் தோள்ல ஒருத்தர் ஏறி நின்னீங்களா?”

“நடந்தது நிஜம்மா. நான் கண்ணால பார்த்தேன்.”

“இருக்கலாம். லாரிக்காரர் கோணல்மாணலாத்தான் சொன்னார். ஆனா அவர் வாயால சொன்னார். இங்க நாலு பேருக்கும் ஒரே வாய். நாலு சாட்சின்னு நான் எப்படி எழுதுவேன்? ஒண்ணுன்னுதான் எழுதணும். அதுவும் பொண்ணு குடுக்கப் போற வீட்டு சாட்சி.”

“பொண்ணு குடுக்கலைங்க.”

“அதையும் சொன்னாங்க,” என்றார் அதிகாரியம்மா. சாப்பாட்டு நேரம் முடிந்ததும் எழுதி முடித்துவிட்டுக் கிளம்புவதாகச் சொல்லி, கதவைக் காட்டினார்.

வெளியே பையன் உடைந்த சில்லுகளைக் கூட்டிக்கொண்டிருந்தான். ஃபோர்க்லிஃப்ட் சாவியை வாங்கி வைத்துவிட்டதால் துடைப்பம்தான் அவனுக்கு மிச்சம். மேஸ்திரியைப் பார்த்ததும் நிமிர்ந்தான்.

“எனக்காக இவ்வளவு சிரமப்பட்டீங்களா மாமா?”

“மாமான்னு கூப்பிடாதே.”

“சரிங்க மேஸ்திரி.”

அவன் சிரிக்கவில்லை, குத்திக் காட்டவும் இல்லை. அதனால் அவனை இரண்டு வார்த்தை திட்டக் கூட வழியில்லாமல் போயிற்று. மேஸ்திரி வாசல் பக்கம் நடந்தார். எடைமேடை ஜன்னலைத் தாண்டித்தான் போக வேண்டும். ஜன்னலுக்குள்ளே மகள் குனிந்த தலை நிமிராமல் எடைச்சீட்டு கிழித்துக்கொண்டிருந்தாள். அவர் தாண்டிப் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமைக்குப் பின் முதல் தடவையாகக் கூப்பிட்டாள்.

“அப்பா.”

நின்றார்.

“படுத்திருந்தவனை நின்னேன்னு சொல்ல வெச்சீங்களாமே.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“பொய்ச்சாட்சி சொல்லாதேன்னு இருக்கிற பக்கம் நாம ரெண்டு பேரும் சேர்ந்து விரல் வெச்சு வாசிச்சதுப்பா. ஞாபகம் இருக்கா? நீங்க திணறினீங்க, நான் சொல்லிக் குடுத்தேன்.”

அடுத்த லாரி வந்துவிட்டது.

ஞாபகம் இல்லாமலா? மூட்டை தூக்கியே வளர்ந்த ஆள் அவர். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பிக்கிற வரைக்கும் அவருக்கு ஓர் எழுத்து தெரியாது. அதுவரை கூலியில் பாதி கள்ளுக்கும் மீதி அதனால் வந்த சண்டைக்கும் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் சபையில் யாரோ கையில் வேதப்புத்தகத்தைக் கொடுத்துவிட்டார்கள். வாசிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு வீட்டுக்கு எடுத்து வந்தார். அப்புறம் அப்பாவும் மகளும் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஒரே வரியில் ஆளுக்கொரு விரலை வைத்து எழுத்துக் கூட்டினார்கள். குழந்தை விரல் முன்னால் ஓடும், இவர் விரல் பின்னால் தடவிக்கொண்டு போகும். குடியை விட்டது எந்தப் பக்கத்தில் என்று அவருக்கே தெரியாது. விட்டுவிட்டார்.

அந்த எழுத்துகளைப் பிடித்துக்கொண்டுதான் பள்ளத்திலிருந்து ஏறி வந்தார். அதில் ஒன்று ஆடுகிறது என்று யாராவது சொன்னால் அவருக்கு ஆத்திரம் வருவதில்லை, பயம் வரும். பயத்தை ஆத்திரமாக மாற்றிக் காட்டுவது உடம்பால் உழைக்கிறவர்களுக்குப் பழக்கம்தான்.

ஆனால் இன்றைக்கு அந்த எழுத்தை ஆட்டினது பையனில்லை. எண்ணிக்கைக்காகச் சம்பந்தத்தை உதறினவர், அதே புத்தகத்தில் சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் எழுதியிருக்கிற ஒரு கட்டளையைப் பெட்டி அடுக்குக்குப் பின்னால் வைத்து மடக்கியிருக்கிறார். அதையும் ஒப்பிக்கச் சொல்லி.

திரும்பி நடந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த அதிகாரியம்மாவின் மேஜைக்கு முன்னால் போய் நின்றார்.

“நான்தான் சொல்லிக் குடுத்தேன். தூக்கத்தை நின்னேன்னு சொல்லச் சொன்னதும் நான்தான். அவன் வேண்டாம்னான். அந்தப் பாவம் என்னைச் சேர்ந்தது. நீங்க அவங்களைத் திரும்பக் கூப்பிட்டுக் கேளுங்க, நான் கிட்டவே வர மாட்டேன்.”

அதிகாரியம்மா வாயில் இருந்ததை மென்று முடித்தார். “கிட்ட இருங்க. ஆனா உதட்டை அசைக்கக் கூடாது. காலையில தடுப்பு இடுக்குல பார்த்தேன்.”

இரண்டாம் தடவை நடந்த விசாரணை மேஸ்திரிக்குக் கிடைத்த தண்டனை என்றே சொல்ல வேண்டும்.

சித்தப்பா தேநீர் குடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றாராம். ஹாரன் சத்தம் கேட்டுத் திரும்பினாராம், பெட்டி சரிந்ததைத்தான் பார்த்தாராம். பெஞ்சில் மேஸ்திரி பல்லைக் கடித்தார். எந்த ஹாரன்? அவர் காதில் ஒரு ஹாரனும் விழவில்லையே. ரேடியோ கட்டவிழ்ந்த மாடு மாதிரி ஓடினான். போனில் யாரோடு பேசினான், அந்த ஆளின் மச்சினனுக்கு உடம்புக்கு என்ன, எல்லாம் வந்தது. கடைசியில் லாரிக்கு வந்தான். அங்கே இரண்டு லாரி நின்றதாகச் சொன்னான், ஒன்று பச்சை, ஒன்று வெள்ளை. மேஸ்திரி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இரண்டு லாரி என்று யாரடா கேட்டார்கள்? காரியமே கெட்டது. ஃபோர்க்லிஃப்ட் எந்தப் பக்கம் ஒடித்தது என்று கேட்டதற்கு ரேடியோ, தன் பக்கம் என்றான். அது இடதா வலதா என்றால், தொட்டியிலிருந்து பார்த்தால் வலது என்றான்.

தூக்கம் ஒன்றும் அலட்டிக்கொள்ளவில்லை.

“நான் சாக்கு மேல படுத்திருந்தேம்மா. மடார்னு சத்தம் கேக்கறதுக்கு முன்னாடியே, என்னமோ உறுமுதேன்னு கண்ணைத் திறந்தேன். படுத்தவனுக்கு என்ன தெரியும்? சக்கரமும் காலும்தான் தெரியும். பச்சை லாரிச் சக்கரம் பின்னால உருளுது. அது பின்னால ஒரு காலும் இல்ல.”

“காலும் இல்லைன்னா?”

“கை காட்டுற ஆளு நின்னா காலு தெரியணுமே. யாரும் நிக்கல. ஃபோர்க்லிஃப்ட்டு சக்கரம் நடக்குற மாதிரி மெதுவாத்தான் வந்துச்சு. அதுக்கப்புறம் டைல்ஸ் விழுந்துச்சு, நான் எந்திரிச்சுட்டேன்.”

உள்ளே பென்சில் ஓடுகிற சத்தம் கேட்டது.

அதிகாரியம்மா வெளியே வந்தபோது அவர் கையில் ஃபோர்க்லிஃப்ட் சாவி இருந்தது. லாரிக்காரரைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டதில், தன் உதவியாள் அப்போது கைகழுவப் போயிருந்தான் என்று ஒப்புக்கொண்டுவிட்டதாகவும், பையன் மேல் பிழை இல்லை என்று எழுதிவிட்டதாகவும் சொன்னார்.

மேஸ்திரிக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் அவருக்கு உறுத்தியது.

“அம்மா, ஒண்ணு கேக்கலாமா? நான் ஒரு லாரின்னேன், ரேடியோ ரெண்டுங்கிறான். அவன் சொன்னது உங்களுக்குத் தப்பாப் படலையா?”

“ரெண்டு லாரி நின்னுச்சு, எடைச்சீட்டுல இருக்கு. ஒண்ணு நகர்ந்துச்சு. நீங்க நகர்ந்ததைப் பத்திப் பேசினீங்க. அவரு நின்னதைப் பத்திப் பேசினாரு. இதுல யாரு பொய்?”

“ஒருத்தன் ஹாரன் கேட்டுதுங்கிறான், எனக்குக் கேக்கல.”

“மேஸ்திரி, நாலு பேர் நாலு இடத்துல இருந்து பார்த்தா இப்படித்தான் இருக்கும். காலையில எல்லாம் பொருந்துச்சு, நான் நம்பல. இப்ப முன்னப்பின்ன இருக்கு, நம்புறேன்.”

மேஸ்திரி அப்படியே நின்றார். சுமை இறக்கின முதுகில் காற்றுப் பட்டால் ஒரு சுகம் வருமே, அது வந்தது. இரண்டு லாரி நின்றது, ஒன்று நகர்ந்தது. இரண்டு குருடர் கூப்பிட்டார்கள், ஒருவர் குரல் ஓங்கிக் கேட்டது. இரண்டு பேரையும் எண்ணினவர் இரண்டு என்று எழுதினார், ஓங்கிக் கூப்பிட்டவரைச் சொன்னவர் ஒருவர் என்று எழுதினார். ஓர் எழுத்தும் ஆடவில்லை. இவ்வளவு காலம் புத்தகத்துக்குக் காவல் நிற்பதாக நினைத்துக்கொண்டு அவர் அந்தக் கேமரா போலப் பெட்டி அடுக்கின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

சாயங்காலம் பையனும் தகப்பனாரும் வருவதற்கு முன்பே முகம் கழுவி உட்கார்ந்துவிட்டார். மனைவி ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இரவு ஜெபத்துக்கு மூப்பர் வருவதாக இருக்கிறது, பேச்சைச் சீக்கிரம் முடியுங்கள் என்றாள்.

பையனின் தகப்பனார் தையற்காரர். கடையிலிருந்து நேராக வந்திருந்தார், அளவு நாடா கழுத்திலேயே கிடந்தது. தங்கள் பெரிய ஆலயத்தில் மேஸ்திரியின் சபையில் போல வசனம் வசனமாகப் பிரித்துப் பேசத் தங்களுக்குத் தெரியாது என்று பணிவாக ஆரம்பித்தார்.

“ஆனா சுவிசேஷம் வாசிக்கும்போது நாங்க யாரும் உக்காந்திருக்க மாட்டோங்க. எங்கப்பா கால் வீங்கிக் கிடந்தப்பவும், தூக்கி நிறுத்துங்கடான்னு சொல்லி நின்னுதான் கேட்டார். எங்களுக்குத் தெரிஞ்ச மரியாதை அதுதான்.”

மேஸ்திரி வேதத்தைக் கேட்கும்போது உட்கார்ந்துதான் கேட்டிருக்கிறார். சில நாள் சாய்ந்தும். அதைச் சொல்லாமல் பேச்சை மாற்றினார். பையனைப் பார்த்து, தான் கண்டுபிடித்ததைச் சொன்னார். லாரியில் ஆரம்பித்துக் குருடரில் முடித்தார். சொல்லி முடித்தபோது அவர் முகம் கடன் தீர்ந்தவன் முகம் மாதிரி இருந்தது.

“இப்ப சொல்லு தம்பி. ரெண்டு பேரு. சரிதானே?”

பையன் நல்லவன். நல்லவனாக மட்டும் இருந்து தொலைத்திருக்கலாம்.

“இருக்கலாம் மாமா. இல்லாமலும் இருக்கலாம். ஒருத்தருக்கு ஒரு ஆள்தான் ஞாபகம் இருந்திருக்கும், ஒருத்தர் கேள்விப்பட்டதை எழுதியிருப்பார். அவங்களும் மனுஷங்கதானே. அவங்க கையை வெச்சு ஆண்டவர் சொல்ல நினைச்சதைச் சொல்லிட்டார். எனக்கு அது போதும்.”

“அதான் பொருந்திப் போச்சுன்னு சொல்றேனே.”

“பொருந்தலைன்னாலும் நம்புவேன்னு சொல்றேன்.”

மேஸ்திரியின் கை துண்டைத் தேடியது. மனைவி அந்தத் துண்டைப் பறித்துக் கொடியில் போட்டாள்.

“நீங்க ரெண்டு பேரும் எண்ணி முடிங்க,” என்றாள். “எனக்கு அதுல செய்யச் சொன்னதே இன்னும் பாக்கி கிடக்கு. பக்கத்து வீட்டுக்காரி மேல இருந்த கோபத்தைப் போன மாசம்தான் விட்டேன். அந்த ஒரு வரிக்கே எனக்கு வருஷக்கணக்காச்சு.”

பேச்சுக்குத் துணையாக வந்திருந்த சித்தப்பா சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. அவள் உள்ளறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“அப்பா, அந்தக் குருடர்கிட்ட ஆண்டவர் என்ன கேட்டார்?”

மேஸ்திரிக்கு இது தெரியாதா? உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார் என்றார்.

“எந்த சுவிசேஷத்துல?”

அவர் யோசித்தார். மனதுக்குள் ஒவ்வொன்றாகப் புரட்டினார். இரண்டு பேர் என்று எழுதினவர். ஒருவர் என்று எழுதினவர். ஊருக்குள் போகும்போதே நடந்தது என்று எழுதினவர். விரல் தொடையில் தானாக வரி பிடித்தது.

“எழுதின மூணு பேரும் அதை எழுதியிருக்காங்க,” என்றார் மெதுவாக.

“எண்ணிக்கை மாறுது. அந்தக் கேள்வி மாறல. ஒரு வாரமா இந்த வீட்டுல குருடரைப் பத்தித்தான் பேச்சு. எனக்கு என்ன வேணும்னு ஒருத்தரும் என்னைக் கேக்கல. நீங்களும் கேக்கல,” என்று அப்பாவிடம் சொன்னவள், பையன் பக்கம் திரும்பினாள். “நீயும் கேக்கல. வாய் மட்டும் நிக்காது.”

பையன் வாயை மூடிக்கொண்டான். அந்த வாரத்தில் அவன் செய்த முதல் புத்திசாலித்தனம்.

மேஸ்திரி எழுந்தார். மகளுக்கு முன்னால் போய் நின்றார். சபையில் அத்தனை பேர் முன்னால் நிற்கும்போது இல்லாத கூச்சம் இப்போது வந்தது.

“சரி. உனக்கு நான் என்ன செய்யணும்?”

“இவரைக் கட்டி வைக்கணும்.”

“ம்.”

“அவங்க ஆலயத்துல.”

மெழுகுவர்த்தி ஏற்றி வைத்த பீடத்துக்கு முன்னால் உயிர் போனாலும் கால் வைக்க மாட்டேன் என்று சபையில் எழுந்து சொன்னவர் மேஸ்திரி. அதற்கும் மூப்பர் கை தட்டியிருந்தார்.

“நீங்க ஓரமா உக்காந்துட்டு வரக் கூடாது. முன்னால நின்னு வேதம் வாசிக்கணும். நீங்கதான். விரல் வெச்சே வாசிங்க, பரவாயில்ல.”

அவர் தரையைப் பார்த்தார். ஒரு காலத்தில் இரண்டு பேரும் குப்புறப் படுத்து எழுத்துக் கூட்டின தரை அது.

“எந்தப் பகுதி?”

“இதே பகுதிதான்.”

“எந்த சுவிசேஷத்துல இருந்து? ரெண்டு பேரா, ஒருத்தரா?”

“அது உங்க இஷ்டம்ப்பா,” என்றாள் மகள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

முதலில் உடைந்து சிரித்தது மேஸ்திரிதான். அதற்குப் பிறகு வீடே சிரித்தது. தையற்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கழுத்து நாடாவை உருவினார். முன்னால் நின்று வாசிக்கப் போகிறவருக்கு நல்ல கோட்டு வேண்டாமா, அது என் பொறுப்பு, கையை நீட்டுங்க சம்பந்தி என்றார்.

மேஸ்திரி இரண்டு கையையும் அகல நீட்டி நின்றார். வாழ்நாளில் யாரும் அவர் தோளை அளந்ததில்லை. சுமைதான் ஏற்றியிருக்கிறார்கள். கூச்சமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது. தையற்காரர் ஒரு நுனியைத் தோளில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அசையாதீங்க என்றார்.

அந்த நேரம் பார்த்து வாசல் கேட் கிறீச்சிட்டது. கக்கத்தில் வேதப்புத்தகத்தோடு சபை மூப்பர் உள்ளே வந்துகொண்டிருந்தார். விரித்த கையையும், நாடாவையும், பக்கத்தில் நிற்கிற பையனையும் பார்த்துப் படியிலேயே நின்றுவிட்டார்.

“என்ன மேஸ்திரி, இது எதுக்கு அளவு?”

கையை இறக்கலாம் என்றால், தையற்காரர் இன்னும் அளந்து முடிக்கவில்லை.